படிக்கப்படாத விபத்து அறிக்கைகள்

கோவில்பட்டிக்குப் பக்கத்தில், நாலாட்டின்புத்தூரை ஒட்டிப் பல ஆண்டுகளாகப் பயனின்றிக் கிடக்கும் ஓடுதளத்தில் விமானிப் பயிற்சிப் பள்ளி கொண்டுவரத் தமிழக அரசின் டிட்கோ நிறுவனம் முயன்று வருகிறது. விமானியாக ஆசைப்படும் தென்மாவட்டத்துப் பிள்ளைகள் வடக்கேயும் வெளிநாட்டிலும் போய்ப் பணத்தைக் கொட்ட வேண்டியிருக்கிற நிலை மாறுமானால் அதை மனமார வரவேற்போம். ஆனால், அங்கே கிளம்பும் ஒரு செஸ்னா விமானம் அரை மணி நேரத்துக்குள் குற்றால மலையை எட்டிவிடும். அதை ஓட்டுவது பள்ளிப் படிப்பை முடித்து ஓரிரு ஆண்டே ஆன ஒரு பிள்ளையாக இருக்கும். அந்தப் பிள்ளையின் உயிருக்கும், கீழே வயலில் நிற்பவரின் உயிருக்கும் பொறுப்பேற்றிருக்கிற அமைப்புகள், கடந்த சில ஆண்டுகளில் அடுத்தடுத்து நடந்த சிறு விமான, ஹெலிகாப்டர் விபத்துகளிலிருந்து எதைக் கற்றுக்கொண்டன? கற்றுக்கொண்டதற்கான அடையாளம் நம் கண்ணில் படவில்லை. இந்த அலட்சியத்தை வன்மையாகக் கண்டிக்கிறோம்.

நடந்தவற்றைப் பார்ப்போம். 2023 ஜனவரியில் மத்தியப் பிரதேசத்தின் ரேவாவில், மூடுபனி கவிந்த இரவில் பறந்த பயிற்சி விமானம் ஓடுதளத்துக்கு அருகே இருந்த கோயில் கோபுரத்தில் மோதி நொறுங்கியது. கற்றுக்கொடுத்த விமானி இறந்தார். கற்றுக்கொள்ள வந்தவர் காயத்தோடு மீட்கப்பட்டார். மூடுபனி இரவில் பயிற்சிக்கு அனுமதித்தது யார் என்ற ஒரே கேள்விக்கு நேர்மையாக விடை தேடியிருந்தால் நாடு முழுவதும் ஒரு பழக்கமே மாறியிருக்கும். இரண்டு மாதம் கழித்து, மார்ச் 18 அன்று, பாலகாட் மாவட்டத்து மலைக்காட்டில் இன்னொரு பயிற்சி விமானம் விழுந்து பயிற்றுநரும் மாணவியும் மாண்டனர். அதே ஆண்டு அக்டோபரில் மகாராஷ்டிரத்தின் பாராமதியில் ரெட்பேர்ட் என்ற ஒரே பள்ளியின் இரண்டு விமானங்கள் 19-ஆம் தேதி ஒன்றும் 22-ஆம் தேதி ஒன்றுமாக விழுந்தன. ஆறு மாதத்தில் ஐந்து விபத்து என்று ஆன பிறகே அந்தப் பள்ளி பறப்பதை, டிஜிசிஏ எனப்படும் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் நிறுத்திவைத்தது. முதல் விபத்தில் கேட்க வேண்டிய கேள்விக்கு ஐந்தாவது விபத்துவரை காத்திருந்தார்கள். 2024 ஆகஸ்டில் ஜாம்ஷெட்பூரில் கிளம்பிய செஸ்னா 152 சாண்டில் நீர்த்தேக்கத்தில் விழுந்து இருவரும் இறந்தனர். 2025 ஏப்ரல் 22 அன்று குஜராத்தின் அம்ரேலியில், தனியே பறந்த மாணவர் குடியிருப்புப் பகுதியில் விழுந்து உயிரிழந்தார்.

எங்கோ வடக்கே நடப்பது என்று இதை ஒதுக்கிவிட முடியாது. 2025 நவம்பர் 13 அன்று, சேலத்துப் பயிற்சி விமானம் ஒன்று பறந்துகொண்டிருக்கும்போதே பழுதாகி, புதுக்கோட்டை மாவட்டம் கீரனூர் அருகே அம்மாசத்திரத்தில், திருச்சி – புதுக்கோட்டை தேசிய நெடுஞ்சாலையிலேயே இறங்கியது. உள்ளே இருந்தவர்கள் தப்பினார்கள். அந்த நேரத்தில் அந்த இடத்தில் ஒரு பள்ளிப் பேருந்து வராமல் போனதற்கு எந்த விதியும் காரணமில்லை; எந்த அதிகாரியும் காரணமில்லை. மறுநாளே செங்கல்பட்டு மாவட்டம் திருப்போரூர் அருகே விமானப்படையின் பிலேட்டஸ் பயிற்சி விமானம் விழுந்தது. விமானி பாராசூட்டில் இறங்கி உயிர் பிழைத்தார். அடுத்தடுத்த இரண்டு நாளில் தமிழ்நாட்டில் இரண்டு விபத்து. சில நாள் செய்தியாக ஓடியது, அவ்வளவுதான். சட்டமன்றத்திலும் மக்கள் மன்றத்திலும் பெரிதாகப் பேசப்பட வேண்டிய விஷயம் யாரும் இறக்கவில்லை என்பதாலேயே கைவிடப்பட்டது. யாரும் இறக்காத விபத்துதான் அதிகம் கற்றுத்தரும். விமானியே உயிரோடு இருந்து நடந்ததைச் சொல்ல முடியும் என்பதை இவர்களுக்கு யார் சொல்வது?

டிஜிசிஏ 2025-இல் நாட்டின் பயிற்சிப் பள்ளிகளைத் தரவரிசைப்படுத்தி வெளியிட்டது. 35 பள்ளிகளில் ஒன்றுகூட ‘ஏ’ வரிசைக்குத் தேறவில்லை. 13 பள்ளிகள் ‘பி’, மீதி 22 பள்ளிகள் ‘சி’. தரவரிசை வெளியிட்டதைப் பாராட்டுகிறோம்; மறைத்துவைக்காமல் சொன்னார்களே என்ற அளவில். ஆனால் இந்த 22 பள்ளிகளுக்கும் உரிமம் கொடுத்ததும், அவற்றைக் கண்காணிக்கக் கடமைப்பட்டதும் அதே டிஜிசிஏதானே? வணிக விமானி உரிமம் பெற 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அந்த 200 மணி நேரத்துக்காகச் சுரண்டையிலும் கடையநல்லூரிலும் ஆலங்குளத்திலும் நிலத்தை விற்றும் வீட்டை அடமானம் வைத்தும் பணம் கட்டுகிற பெற்றோர் இருக்கிறார்கள். விமானம் பழுது, பயிற்றுநர் இல்லை, வானிலை சரியில்லை என்று நாள்கள் தள்ளிப்போகும்போது வட்டி ஏறுகிறது. பிள்ளைக்கும் பள்ளிக்கும் பறந்தே தீர வேண்டும் என்ற நெருக்கடி வருகிறது. அந்த நெருக்கடியில்தான் பறக்கக்கூடாத வானத்தில் விமானம் ஏறுகிறது. இதைத் தடுக்கவே ஒரு ஒழுங்குமுறை அமைப்பு வேண்டும். உரிமத்தில் முத்திரை குத்துவதற்கு அது தேவையில்லை.

நம் குற்றால மலையைப் பற்றிச் சென்னையிலும் டெல்லியிலும் இருப்பவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆனி, ஆடியில் தென்மேற்குக் காற்று கேரளத்திலிருந்து ஆரியங்காவு கணவாய் வழியாகச் செங்கோட்டைக்கும் தென்காசிக்கும் பாய்கிறது. காசி விசுவநாதர் கோயில் கோபுர வாசலில் ஒருமுறை நின்றவருக்கு அதன் வேகம் தெரியும். சுற்றுவட்டாரமெங்கும் காற்றாலை நட்டிருப்பதும் அந்தக் காற்றை நம்பித்தான். கணவாயில் பாய்கிற காற்று ஒரு விதம். முகட்டைத் தாண்டி வருகிற காற்று வேறு விதம். முகட்டுக்கு இந்தப் பக்கம், அதாவது நம் பக்கம், அது சரிவோடு சேர்ந்து கீழே இறங்கிச் சுழலும். 160 குதிரைத்திறன் எஞ்சின் கொண்ட ஒரு செஸ்னா 172 எல்லாம் சரியாக இருந்தால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 700 அடி மேலேறும். காற்று அதைவிட வேகமாகக் கீழே இறங்கும் இடத்தில் மாட்டிக்கொண்டால், எஞ்சினை முழு விசையில் வைத்தாலும் விமானம் இறங்கிக்கொண்டேதான் போகும். சித்திரை, வைகாசி வெயிலில் கரிசல் பூமியின் மேல் காற்று சூடேறி அடர்த்தி குறையும்போது இறக்கையின் பலமும் எஞ்சினின் பலமும் இன்னும் குறையும். தரையைவிட்டு எழும்பவே கூடுதல் தூரம் ஓட வேண்டும். இவை எல்லாம் விமானிகளின் பாடப்புத்தகத்தில் உண்டு. எந்த மாதத்தில், எந்த நேரத்தில், எந்த முகட்டுக்குப் பின்னால் இது நடக்கும் என்பது எந்தப் புத்தகத்திலும் கிடையாது. அதை இங்கே வந்து அளந்துதான் எழுத வேண்டும். அளந்தவர் யார்?

காற்றைவிடக் கொடியது மேகம். குற்றாலத்தில் சீசன் நாளில், கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே மலைமேல் மேகம் இறங்கிவிடும். கால்மணி நேரத்தில் முகடு கண்ணுக்குத் தெரியாது. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் நடந்ததை மறக்க முடியுமா? மேலே பெய்த மழை, கீழே குளித்துக்கொண்டிருந்தவர்கள் மேல் காட்டாற்று வெள்ளமாக இறங்கியது. 17 வயதுப் பையன் ஒருவனை அடித்துக்கொண்டு போனது. மேலே என்ன பெய்கிறது என்று கீழே இருந்தவர்களுக்குச் சொல்ல அன்று ஏற்பாடு இல்லை. வானத்தில் வருகிறவருக்கும் இதே நிலைதான். தூத்துக்குடி, மதுரை, திருவனந்தபுரம் விமான நிலையங்களின் வானிலை அறிக்கை விமானிக்குக் கிடைக்கும். அம்மூன்றுக்கும் நடுவே நிற்கிற மலையின் வானிலையை அவருக்கு நேரடியாகச் சொல்ல எவரும் இல்லை.

மேகத்துக்குள் நுழைந்த விமானிக்கு என்ன நேர்கிறது என்பதை 1954-லேயே அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்து சொல்லிவிட்டார்கள். கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டப் பயிற்சி இல்லாத 20 பேரை, வெளியே எதுவும் தெரியாத நிலையில் ஓட்டவைத்தார்கள். இருபது பேரும் கட்டுப்பாட்டை இழந்தார்கள். சராசரியாக 178 வினாடியில். மூன்று நிமிடம்கூட இல்லை. கண்ணுக்கு அடிவானம் தெரியாதபோது காதுக்குள் இருக்கிற சமநிலை உறுப்பு பொய் சொல்லும். விமானம் சாய்ந்து திரும்பிக்கொண்டிருக்கும். உடலோ நேராகப் போகிறோம் என்று உணரும். திறமைக் குறைவு இதற்குக் காரணமன்று, மனித உடலின் அமைப்பு அப்படி. தேர்ந்த விமானிக்கும் இது நேரும்.

2021 டிசம்பர் 8 அன்று குன்னூரில் நேர்ந்ததும் அதுதான். சூலூரிலிருந்து வெலிங்டனுக்குப் போன விமானப்படை எம்ஐ-17 ஹெலிகாப்டர் காட்டேரி அருகே நஞ்சப்பசத்திரத்தில் விழுந்தது. முப்படைத் தலைமைத் தளபதி விபின் ராவத், அவருடைய மனைவி உட்பட 14 உயிர்கள் போயின. எந்திரக் கோளாறு இல்லை, சதி இல்லை. பள்ளத்தாக்கில் எதிர்பாராமல் வானிலை மாறி, மேகத்துக்குள் நுழைந்து, திசையுணர்வு தடுமாறி மலையில் மோதியது என்று முப்படை விசாரணை சொன்னது. நாட்டின் மிக உயர்ந்த படைத்தளபதியைச் சுமந்துபோன, தேர்ந்த விமானிகள் ஓட்டிய, இரட்டை எஞ்சின் ஹெலிகாப்டருக்கே மேற்குத் தொடர்ச்சி மலை இடம் கொடுக்கவில்லை. அதற்கு ஏறத்தாழ 50 ஆண்டுகளுக்கு முன், 1971 டிசம்பர் 9 அன்று, திருவனந்தபுரத்திலிருந்து மதுரைக்கு வந்த இந்தியன் ஏர்லைன்ஸ் ஆவ்ரோ விமானம் இதே மலைத்தொடரில், சின்னமனூர் அருகே மோதி, 31 பேரில் 21 பேர் இறந்தார்கள். மலை அதேதான், மாதமும் அதேதான். இடையில் வந்த அரை நூற்றாண்டில் நாம் என்ன செய்தோம்?

கேதார்நாத்தில் நடப்பது இன்னும் வெட்கக்கேடு. 2022 அக்டோபர் 18 அன்று பக்தர்களை ஏற்றிவந்த பெல் 407 ஹெலிகாப்டர் மேகத்தில் சிக்கி மலையில் மோதி ஏழு பேர் இறந்தார்கள். 2025 மே 8 தொடங்கி ஜூன் 15 முடிய, அதே உத்தராகண்டின் யாத்திரைப் பாதையில் ஐந்து ஹெலிகாப்டர் விபத்துகள், 13 சாவு. ஜூன் 15 அன்று கௌரிகுண்ட் அருகே விழுந்ததும் 2022-இல் விழுந்த அதே நிறுவனத்தின் அதே வகை ஹெலிகாப்டர்தான். அன்றும் மேகம், அன்றும் ஏழு பேர். அதில் கைக்குழந்தையும் ஒன்று. அதன் பிறகே சேவையை நிறுத்தினார்கள், வழக்குப் போட்டார்கள், கட்டுப்பாட்டு அறை என்றார்கள், வானிலைக் கண்காணிப்பு என்றார்கள். புளியரை எஸ் வளைவில் ஒரே இடத்தில் மூன்று லாரி கவிழ்ந்தால் ஊர்க்காரர்கள் சாலையில் உட்கார்ந்து தடுப்புச் சுவர் கேட்பார்கள். வானத்தில் சாலையும் இல்லை, உட்காருவதற்கு ஊரும் இல்லை என்பதால் இந்த அரசுகள் தப்பித்துக்கொள்கின்றன.

உத்தரகாசியில் நடந்த அந்த மே 8 விபத்தைப் பற்றிய முதற்கட்ட அறிக்கை ஒன்றைச் சொல்கிறது. அதை நம் தென்காசி மாவட்ட நிர்வாகம் வாசித்துப் பார்க்க வேண்டும். விமானி சாலையில் அவசரமாக இறக்க முயன்றிருக்கிறார். சாலைக்கு மேலே போன ஒரு கேபிளில் சுழலி பட்டு, ஹெலிகாப்டர் பள்ளத்தில் உருண்டிருக்கிறது. தென்காசியைச் சுற்றி எத்தனை காற்றாலை, எத்தனை உயரழுத்த மின்கம்பி, எத்தனை கைபேசிக் கோபுரம்? அவை எங்கே, எவ்வளவு உயரம், எதில் சிவப்பு விளக்கு எரிகிறது, எதில் அணைந்து கிடக்கிறது? தாழப் பறக்கிற விமானிக்கு உதவும் ஒரு வரைபடத்தில் இவை முழுதாக இருக்கின்றனவா? ரேவாவில் மோதியது கோபுரம், உத்தரகாசியில் பட்டது கேபிள். நம் ஊரில் பட வேண்டியது எது என்று விதி தீர்மானிக்கட்டும் என விட்டுவிடப் போகிறோமா?

விபத்திலிருந்து கற்பது எப்படி என்று உலகுக்குக் காட்டியவர்களில் ஒருவர் ஆபிரகாம் வால்ட் என்ற கணிதப் புள்ளியியல் அறிஞர். இரண்டாம் உலகப் போரில், குண்டடிபட்டுத் திரும்பிய விமானங்களை வைத்துக்கொண்டு எந்த இடத்துக்குக் கவசம் போடலாம் என்று கணக்கிட்டார். துளை நிறைந்த இடங்களைப் பார்த்து மற்றவர்கள் அங்கே கவசம் போடலாம் என்று நினைக்கையில், அந்த இடங்களில் அடிபட்டவை திரும்பிவிட்டன, திரும்பாதவை வேறு இடத்தில் அடிபட்டவை என்று அவருடைய கணக்கு காட்டியது. திரும்பி வராத விமானத்தைப் பற்றி யோசிக்கச் சொன்ன அந்த மனிதர், இந்திய அரசின் அழைப்பில் இங்கே விரிவுரையாற்ற வந்திருந்தபோது, 1950 டிசம்பர் 13 அன்று மனைவியோடு நீலகிரி மலையில் விமானம் மோதி இறந்தார். அவர் உயிரைவிட்டது நம் மண்ணில். அவர் சொல்லித்தந்ததை மறந்திருப்பதும் நாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1974 டிசம்பர் 1 அன்று அமெரிக்காவின் வர்ஜீனியாவில் டிடபிள்யூஏ 514 என்ற விமானம் மலையில் மோதி 92 பேர் இறந்தார்கள். விசாரித்தபோது தெரிந்தது: சில வாரங்களுக்கு முன் வேறொரு நிறுவனத்தின் விமானம் அதே இடத்தில் அதே தவறான புரிதலால் மலையை ஒட்டித் தப்பியிருந்தது. அந்த நிறுவனம் தன் விமானிகளை மட்டும் எச்சரித்தது; மற்றவர்களுக்குச் சொல்ல வழி இருக்கவில்லை. அதன் விளைவாகவே, மயிரிழையில் தப்பியவர்கள் தண்டனைக்குப் பயப்படாமல் நடந்ததை எழுதி அனுப்பும் ஏற்பாடு 1976-இல் நாசாவின் பொறுப்பில் தொடங்கியது. அங்கே ஒழுங்குமுறை அமைப்பையே பொறுப்பில் வைக்காமல் நாசாவிடம் கொடுத்ததைப்போல, தண்டிக்கும் அதிகாரம் இல்லாத ஓர் அமைப்பிடம் சொல்லும்போதுதான் விமானி உண்மையைச் சொல்வார். நம் பயிற்சிப் பள்ளி மாணவன் ஒருவன், ‘நேற்று மேகத்துக்குள் போய்விட்டேன், பயந்துவிட்டேன்’ என்று எழுதினால் அவனுக்கு என்ன நடக்கும்? வசை கிடைக்கும், பறக்கும் வாய்ப்பு தள்ளிப்போகும். எனவே அவன் எழுத மாட்டான். அடுத்தவன் அதே மேகத்துக்குள் போவான்.

நம்மிடம் விமான விபத்து விசாரணைப் பிரிவு என்று ஒன்று 2012 முதல் இருக்கிறது. குற்றம் சுமத்துவது நோக்கமல்ல, அடுத்த விபத்தைத் தடுப்பதே நோக்கம் என்கிறது அது பின்பற்ற வேண்டிய சர்வதேச விதி. 30 நாளில் முதற்கட்ட அறிக்கை, இயன்றவரை 12 மாதத்துக்குள் இறுதி அறிக்கை என்றும் சொல்கிறது. ஆனால் இந்த விசாரணைப் பிரிவும் டிஜிசிஏவும் ஒரே சிவில் விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ்தான் இயங்குகின்றன. டிஜிசிஏவின் கண்காணிப்பே விபத்துக்கு ஒரு காரணமாக இருந்தால், அதே அமைச்சகத்தின் இன்னொரு பிரிவு அதை எவ்வளவு உரக்கச் சொல்லும்? அகமதாபாத்தில் 260 பேரைப் பலிகொண்ட ஏர் இந்தியா விபத்துக்குப் பின், 2025 ஆகஸ்டில் நாடாளுமன்ற நிலைக்குழு ஓர் உண்மையை வெளியிட்டது. டிஜிசிஏவுக்கு அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள் 1,063, நிரப்பப்பட்டவை 553. ஏறத்தாழ பாதி நாற்காலி காலி. பெரிய விமான நிறுவனங்களைக் கண்காணிக்கவே ஆளில்லாதபோது, கோவில்பட்டிக் கரிசலில் நிற்கப்போகிற நாலைந்து செஸ்னாக்களைப் பார்க்க யார் வருவார்கள்? இத்தனை ஆண்டுகளாக இந்தப் பணியிடங்களை நிரப்பாத அமைச்சகம், ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் ‘பாதுகாப்பில் சமரசம் இல்லை’ என்று அறிக்கை விடுவதை ஏற்க முடியாது.

வருகிற அறிக்கைகளும் என்ன ஆகின்றன? ஆங்கிலத்தில் எழுதப்பட்டு இணையதளத்தில் ஏறுகின்றன. பரிந்துரைகள் இருக்கின்றன. எந்தப் பரிந்துரையை யார், எந்தத் தேதிக்குள் நிறைவேற்றினார், எதை நிறைவேற்றவில்லை, ஏன் என்று சாதாரணக் குடிமகன் பார்க்கும்படியான கணக்கு இல்லை. குன்னூர் விபத்துக்கும் நாடாளுமன்றப் பாதுகாப்புக் குழுவின் அறிக்கையில் கடைசியில் பதிவானது ‘மனிதத் தவறு’ என்ற இரண்டு சொல்தான். இறந்த விமானியின் மேல் அந்த இரண்டு சொல்லை எழுதிக் கோப்பை மூடுவது எளிது. அவர் மேகத்துக்குள் போகும்படியான நிலை ஏன் வந்தது, திரும்பிப் போகலாம் என்று அவர் முடிவெடுக்க எது தடையாக இருந்தது, பள்ளத்தாக்கின் வானிலை அவருக்கு ஏன் தெரியவில்லை என்று கேட்டால் உயிரோடு இருக்கிறவர்கள் பதில் சொல்ல வேண்டியிருக்கும். அந்தக் கேள்விகள் கேட்கப்படாமல் போவதுதான் நம் கோபத்துக்குக் காரணம்.

அரசியல் தலைவர்களும் அமைச்சர்களும் இதில் தங்களுக்குள்ள பங்கை உணர வேண்டும். 2004 ஏப்ரல் 17 அன்று தேர்தல் பிரசாரத்துக்காகப் பெங்களூரு ஜக்கூரில் கிளம்பிய சிறு செஸ்னா 180 எழும்பிய சற்று நேரத்திலேயே விழுந்து, ‘படையப்பா’வில் நாம் பார்த்த நடிகை சௌந்தர்யா உட்பட நால்வர் இறந்தார்கள். 2009 செப்டம்பர் 2 அன்று மோசமான வானிலையில் நல்லமலைக் காட்டின் மேல் பறந்த ஆந்திர முதல்வர் ராஜசேகர ரெட்டி திரும்பவில்லை. ‘தலைவர் காத்திருக்கிறார், கூட்டம் காத்திருக்கிறது’ என்ற சொல் ஒரு விமானியின் காதில் விழும்போது அவர் முடிவு மாறுகிறது. இதைச் சொன்னவர் பெயர் எந்த விசாரணை அறிக்கையிலும் வருவதில்லை.

மலைக்கு அந்தப்புறம், அச்சன்கோவில் தாண்டினால் வருகிற பத்தனம்திட்டை மாவட்டத்தில் நடந்ததையும் நினைவூட்டுகிறோம். 2025 அக்டோபர் 22 அன்று சபரிமலைக்கு வந்த குடியரசுத் தலைவர் திரௌபதி முர்முவின் ஹெலிகாப்டர், வானிலை காரணமாக இடம் மாற்றப்பட்டுப் பிரமாடத்தில் இறங்கியது. அவசரமாகப் போட்ட கான்கிரீட் இறுகுவதற்குள் இறங்கியதால் சக்கரம் புதைந்தது. காவலர்களும் தீயணைப்பு வீரர்களும் தோள் கொடுத்துத் தள்ளினார்கள். இடத்தை மாற்றிய விமானிகள் செய்தது சரி. அதைப் பாராட்ட வேண்டும். மாற்று இடம் முன்கூட்டியே தயாராக இல்லாததுதான் குற்றம். குடியரசுத் தலைவருக்கே இந்த ஏற்பாடென்றால், தேர்தல் நேரத்தில் நம் பள்ளி மைதானத்திலும் கல்லூரி மைதானத்திலும் சுண்ணாம்பால் வட்டம் போட்டு இறக்குகிற ஹெலிகாப்டர்களின் நிலை என்ன? தளத்தைச் சோதித்தவர் யார், கூட்டத்தை எத்தனை அடி தள்ளி நிறுத்தினார்கள், புழுதியும் தகரமும் பறக்காமல் பார்த்துக்கொண்டது யார் என்று தென்காசி மாவட்ட நிர்வாகம் ஒவ்வொரு முறையும் எழுத்தில் வெளியிட வேண்டும். தலைவருக்குக் கோபம் வரும் என்று பயந்து கையெழுத்துப் போடும் வட்டாட்சியரும் பொதுப்பணித் துறைப் பொறியாளரும் தங்களைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டுமென்றாலும் இதைக் கேட்டு வாங்க வேண்டும்.

டிட்கோவுக்கு நம் கேள்வி நேரடியானது. நாலாட்டின்புத்தூர் ஓடுதளத்தை எடுத்து நடத்த வரும் நிறுவனத்திடம் வாடகையும் ஆண்டுக் கட்டணமும் எவ்வளவு என்பதை மட்டும் பார்த்து ஒப்பந்தம் போடப் போகிறீர்களா, அல்லது அதன் விபத்து வரலாற்றையும் டிஜிசிஏ தரவரிசையில் அதன் இடத்தையும் பார்ப்பீர்களா? ‘சி’ வாங்கிய ஒரு பள்ளிக்கு அந்த ஓடுதளம் போகக்கூடாது. ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்: ஆனி முதல் ஆவணி வரை குற்றால மலைத்தொடரை நெருங்கிப் பறப்பதற்குத் தனி விதி, மாணவன் தனியே பறக்கும்போது மலைக்கு இத்தனை கிலோமீட்டர் இப்பால் என்ற வரம்பு, பறக்கலாமா வேண்டாமா என்பதில் பயிற்றுநரின் ‘வேண்டாம்’ என்ற சொல்லே இறுதி என்ற உறுதி, அப்படிச் சொன்ன நாளுக்காக மாணவனின் கட்டணமோ மணி நேரமோ குறையக்கூடாது என்ற நிபந்தனை. ஓடுதளத்தைச் சுற்றி மயில் பெருகிக் கிடக்கும் இந்த வட்டாரத்தில், பறவை மோதலைத் தடுக்கும் ஏற்பாட்டை முதல் விமானம் வருமுன் காட்டுங்கள்.

இந்திய வானிலைத் துறை குற்றால மலை முகட்டிலும் ஆரியங்காவு கணவாயிலும் தானியங்கி வானிலை நிலையங்களும் கேமராக்களும் வைத்து, அந்தப் படத்தை விமானிகளுக்கும் பொதுமக்களுக்கும் திறந்துவிட வேண்டும். அருவியில் குளிப்பவருக்கும் அது உயிர்காக்கும். ஒரே செலவில் இரண்டு வேலை. உத்தராகண்டில் 13 பேர் இறந்த பிறகு பேசப்பட்டதை இங்கே ஒருவரும் இறக்குமுன் செய்வதற்கு என்ன தடை? அலாஸ்காவில் மலைக்கணவாய்களில் பல ஆண்டுகளாக இத்தகைய கேமராக்கள் இருக்கின்றன. விமானி கிளம்புமுன் கணவாயைத் திரையில் பார்த்துவிடுகிறார். இது பெரிய தொழில்நுட்பமே இல்லை.

டிஜிசிஏ காலிப் பணியிடங்களை எந்த மாதத்துக்குள் நிரப்பும் என்று தேதியோடு சொல்லட்டும். விபத்து விசாரணைப் பிரிவு அமைச்சகத்தின் பிடியிலிருந்து விடுபட்டு நாடாளுமன்றத்துக்குப் பதில் சொல்லும் தன்னாட்சி அமைப்பாக வேண்டும். புதிதாக வந்த 2024-ஆம் ஆண்டு பாரதிய வாயுயான் சட்டத்தில் இதைச் செய்ய வாய்ப்பிருந்தும் விட்டுவிட்டார்கள், அதைத் திருத்த வேண்டும். ஒவ்வொரு சிறு விமான விபத்தின் அறிக்கையும், ஒவ்வொரு பரிந்துரையின் நிலையும் தமிழ் உட்பட மாநில மொழிகளில் வெளிவர வேண்டும். பிள்ளையைச் சேர்க்கப் போகும் அப்பாவும் அம்மாவும் அதை வாசித்துவிட்டுப் பணம் கட்டட்டும். தப்பித்தவர்கள் பயமின்றி எழுதும் ஏற்பாட்டைப் பயிற்சிப் பள்ளிகளுக்கென்றே தனியாக, டிஜிசிஏவுக்கு வெளியே தொடங்க வேண்டும்.

தென்காசித் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினரும் நம் சட்டமன்ற உறுப்பினர்களும் இவற்றை அவையில் கேள்வியாக எழுப்ப வேண்டும். கீரனூர் சாலையில் இறங்கிய விமானத்துக்கு என்ன ஆயிற்று, அதன் அறிக்கையில் உள்ள பரிந்துரைகள் தமிழ்நாட்டின் மற்றப் பயிற்சி விமானங்களில் சோதிக்கப்பட்டனவா என்பது முதல் கேள்வியாக இருக்கட்டும். கோவில்பட்டியில் முதல் பயிற்சி விமானம் எழும்புமுன் அதற்கு எழுத்து வடிவில் பதில் வர வேண்டும். பதில் வராமல் அங்கே திறப்பு விழா நடக்குமானால், அதைத் தடுக்க நீதிமன்றம் போகவும் இப்பகுதி மக்கள் தயங்கக்கூடாது.